கையெழுத்துப் போட ஆளில்லாத ஊர்: ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸில் தண்ணீர் லாரி நின்ற கதை

2023 ஜனவரி 1ஆம் தேதி முதல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் சில நூறு வீடுகளுக்கு வழக்கமான இடத்திலிருந்து தண்ணீர் லாரி வருவது நின்றது. எளிய மக்கள் குடியிருக்கும் பகுதி இல்லை இது. கோடிக்கணக்கில் விலை போகும் வீடுகளும், குதிரை லாயங்களும், நீச்சல் குளங்களும் உள்ள இடம். அதனாலேயே செய்தி உலகம் முழுக்கப் பரவியது. பரபரப்பு அடங்கிய பிறகு முதலிலிருந்து நடந்ததை வரிசையாகப் பார்த்தால், பஞ்சத்தின் பங்கு அதில் குறைவாகவும் நிலத்தைப் பிரித்து விற்ற விதத்தின் பங்கு அதிகமாகவும் தெரிகிறது. இந்த ஆய்வில் குடியிருப்பாளர்கள், கவுன்சிலர்கள், அதிகாரிகள் யாருடைய பெயரும் இல்லை. அவர்கள் என்ன முடிவெடுத்தார்கள், அதற்கு என்ன காரணம் சொன்னார்கள் என்பது மட்டும் போதும்.

இடம்

ஃபீனிக்ஸ் பெருநகரின் வடகிழக்கு ஓரத்தில் ஸ்காட்ஸ்டேல் நகரம் இருக்கிறது. அதன் எல்லைக்கோடு முடிந்த கையோடு ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ் தொடங்கிவிடுகிறது. சொனோரா பாலைவனத்தின் ஒரு துண்டு: சகுவாரோ கள்ளிகள், முள்மரங்கள், மழை பெய்தால் மட்டும் ஓடும் மணல் ஓடைகள், பெரும்பாலும் மண் சாலைகள். வடக்கிலும் கிழக்கிலும் டொன்டோ தேசிய வனம், தெற்கே மெக்டவல் மலைப் பூங்கா. இரவில் தெருவிளக்கு இல்லாத வானம். இங்கே குடியேறியவர்களில் பலர் தேடி வந்ததே இதைத்தான்.

பெயரைத் தமிழில் சொன்னால் 'பச்சை ஆற்று மலையடிவாரம்'. கிழக்கே வெர்டே ஆறு உண்மையாகவே ஓடுகிறது. ஆனால் அந்தத் தண்ணீர் மேலே ஹார்ஸ்ஷூ, பார்ட்லெட் என்ற இரண்டு அணைகளில் தேங்கி, நெடுங்காலத்துக்கு முன்பே உரிமை பெற்ற பள்ளத்தாக்கு நிலங்களுக்கும் நகரங்களுக்கும் போகிறது. அடிவாரத்தில் பின்னால் வந்து வீடு கட்டியவருக்கு அதில் பங்கு கிடையாது. பெயரில் ஆறு இருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஆற்றுப் பக்கமாகப் போனால் 'ரியோ வெர்டே' என்றே ஒரு குடியிருப்பு வருகிறது. அது திட்டமிட்டுக் கட்டியது, கோல்ஃப் மைதானங்களோடு. அதற்குக் குழாய்த் தண்ணீர் உண்டு. நாம் பேசும் 'ஃபுட்ஹில்ஸ்' வேறு. பெயர் ஒன்றுபோல் இருப்பதால், வீடு வாங்க வந்தவர்களில் சிலர் இரண்டையும் ஒன்றாக நினைத்திருந்தாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

நகராட்சி இல்லாத ஊர் என்றால்

அமெரிக்காவில் ஒரு குடியிருப்பு தன்னை நகரமாகப் பதிவு செய்துகொள்ளவில்லை என்றால் அதற்கு மேயர் இல்லை, கவுன்சில் இல்லை, சொந்த வரியும் இல்லை. நம் மாவட்டம் போன்ற கவுன்ட்டியின் நிர்வாகம் நேரடியாகப் பார்த்துக்கொள்ளும். இங்கே அது மாரிக்கோப்பா கவுன்ட்டி. 2020 மக்கள்தொகைக் கணக்கின்படி அதில் 44 லட்சம் பேருக்கு மேல் வாழ்கிறார்கள். நிர்வகிக்க ஐந்து பேர் கொண்ட ஒரு மேற்பார்வைக் குழு. அந்தக் குழுவின் கண்ணில் ஃபுட்ஹில்ஸ் ஒரு சிறு புள்ளி. பக்கத்து ஸ்காட்ஸ்டேலில் 2,41,361 பேர். ஆனால் ஸ்காட்ஸ்டேல் கவுன்சில் தேர்தலில் ஃபுட்ஹில்ஸ்காரர் ஒருவருக்கும் ஓட்டு இல்லை. தண்ணீர் ஓர் ஊரிலிருந்து, ஓட்டு வேறிடத்தில். இந்த இடைவெளிதான் பின்னால் எல்லாவற்றையும் தீர்மானித்தது.

ஊரில் சுமார் 2,000 வீடுகள் என்று அந்த நாள்களில் எல்லாரும் எழுதினார்கள். அதில் லாரித் தண்ணீரை மட்டுமே நம்பிய வீடுகள் 500க்கு மேல் என்றார்கள். சிலர் 700 என்றார்கள். இந்த எண்கள் ஏன் இப்படித் தோராயமாகவே இருந்தன என்பதைக் கேட்டாலே பிரச்சினையின் வேர் பிடிபட்டுவிடும்.

வீடுகள் பெருகிய விதம்

1980இல் அரிசோனா நிலத்தடி நீர்ச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அமெரிக்காவிலேயே கண்டிப்பான நீர்ச் சட்டங்களில் ஒன்று என்று அதற்குப் பெயர். அதன்படி, ஃபீனிக்ஸ் போன்ற கட்டுப்பாட்டுப் பகுதிகளில் மனைப்பிரிவு போட்டு விற்பவர், 100 ஆண்டுக்குத் தண்ணீர் உறுதி என்று சான்று காட்ட வேண்டும். ஆனால் சட்டத்தின் கண்ணில் 'மனைப்பிரிவு' என்றால் ஆறு மனைகளும் அதற்கு மேலும். ஐந்தாகவோ அதற்குக் குறைவாகவோ பிரித்தால் அது மனைப்பிரிவே இல்லை. சான்றும் வேண்டாம்.

சரி, ஐந்து மனை என்பது சின்ன விஷயம்தானே, ஒரு விவசாயி பிள்ளைகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கட்டும் என்று விட்டிருப்பார்கள். நடந்தது வேறு. ஒருவர் நிலத்தை வாங்கி ஐந்தாகப் பிரிப்பார். அதில் ஒன்றை வாங்கியவர் அதை மறுபடி பிரிப்பார். ஒருவருக்கொருவர் பேசிவைத்துக்கொண்டு இப்படிச் செய்வது சட்டப்படி குற்றம். ஆனால் பேசிவைத்துக்கொண்டுதான் செய்தார்கள் என்று நிரூபிப்பது கடினம். இப்படி முளைக்கும் குடியிருப்புகளை அங்கே 'வைல்ட்கேட்' என்கிறார்கள், காட்டுப்பூனை. ஃபுட்ஹில்ஸின் பெரும்பகுதி இப்படி வளர்ந்ததுதான். ஒரு நிறுவனம் முன்நின்று கட்டிய ஊர் என்றால் வீடுகளின் பட்டியல் ஓரிடத்தில் இருக்கும், தண்ணீர்க் குழாயும் ஒரே வரைபடத்தில் இருக்கும். இங்கே இரண்டும் இல்லை.

தண்ணீருக்கு இரண்டு வழி. ஒன்று, போர் போடுவது, அதாவது ஆழ்துளைக் கிணறு. அடியில் பாறை. சிலருக்கு நல்ல ஊற்று கிடைத்தது, சிலருக்கு எவ்வளவு ஆழம் போயும் கிடைக்கவில்லை, கிடைத்த சில கிணறுகள் பின்னால் வற்றின. இரண்டாவது, லாரி. வீட்டு முற்றத்தில் 5,000 கேலன் தொட்டி, அதாவது ஏறக்குறைய 19,000 லிட்டர். தனியார் லாரிக்காரர்கள் ஸ்காட்ஸ்டேல் நகராட்சியின் நிரப்பு நிலையத்தில் காசு கட்டிப் பிடித்து வந்து ஊற்றுவார்கள். பல ஆண்டுகளாக இது தடையில்லாமல் நடந்தது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, அது எங்கிருந்து வருகிறது என்று யார் யோசிப்பார்கள்?

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஸ்காட்ஸ்டேல் நகராட்சிக்கும் ஃபுட்ஹில்ஸ் வீட்டுக்காரருக்கும் இடையே எந்த ஒப்பந்தமும் இல்லை. நகராட்சி விற்றது லாரிக்காரருக்கு. லாரிக்காரர் விற்றது வீட்டுக்கு. சங்கிலியில் நடுக்கண்ணி ஒரு சிறு வியாபாரம்.

2021: எச்சரிக்கை

2021 ஆகஸ்டில், கொலராடோ ஆற்றின் பெரிய நீர்த்தேக்கமான மீட் ஏரியின் மட்டம் இறங்கியதால் கொலராடோ ஆற்றில் பற்றாக்குறை என்று மத்திய அரசு வரலாற்றில் முதல்முறையாக அறிவித்தது. 2022க்கான அரிசோனாவின் பங்கில் 5,12,000 ஏக்கர்-அடி வெட்டு, ஏறக்குறைய 18 சதவீதம். ஓர் ஏக்கர்-அடி என்பது 12 லட்சம் லிட்டருக்குச் சற்று மேல். ஸ்காட்ஸ்டேலின் தண்ணீரில் பெரும்பங்கு கொலராடோவிலிருந்து 336 மைல் கால்வாய் வழியாக வருவது.

நகராட்சி தன் வறட்சித் திட்டத்தின் முதல் கட்டத்தை அறிவித்தது. தன் மக்களிடம் 5 சதவீதம் சிக்கனம் கேட்டது. அதே திட்டத்தின்படி நகர எல்லைக்கு வெளியே லாரியில் தண்ணீர் போவதை நிறுத்தப்போவதாகச் சொல்லி, 2022 டிசம்பர் 31 வரை கெடு கொடுத்தது. இது திடீரென்று வந்ததல்ல, பல ஆண்டுகளாக எச்சரித்து வந்தோம் என்றும் சொன்னது.

நகராட்சி சொன்ன காரணத்தை அளவை வைத்துப் பார்த்தால் கொஞ்சம் இடிக்கும். ஃபுட்ஹில்ஸுக்குப் போனது நகரின் மொத்தப் பயன்பாட்டில் ஒரு சதவீதத்துக்கும் மிகக் குறைவு. அதை நிறுத்தி மீட் ஏரியைக் காப்பாற்ற முடியாது. ஆனால் கவுன்சிலின் இடத்தில் இருந்து பார்த்தால் வேறு கணக்கு. எல்லைக்கு வெளியே ஆண்டுதோறும் புது வீடுகள் வருகின்றன, எத்தனை வரும் என்று யாருக்கும் தெரியாது, தடுக்கும் அதிகாரமும் நமக்கு இல்லை. உள்ளூர்க்காரரைச் சிக்கனமாக இரு என்று சொல்லிவிட்டு, எண்ணிக்கை தெரியாத ஒரு கூட்டத்துக்கு எத்தனை நாள் கொடுப்பது? இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

2022: இரண்டு வழி, இரண்டு கட்சி

கெடு கிடைத்ததும் லாரித் தண்ணீர் வீட்டுக்காரர்களில் ஒரு குழு வேலையில் இறங்கியது. அவர்கள் கண்ட வழி, 'வீட்டுநீர் மேம்பாட்டு வட்டம்' ஒன்றை அமைப்பது. அரிசோனா சட்டம் இதற்கு இடம் தருகிறது. குடியிருப்பாளர்கள் மனு கொடுத்து, கவுன்ட்டி மேற்பார்வைக் குழு ஒப்புக்கொண்டால் அது ஒரு சிறு அரசு அமைப்பாகிவிடும். வெளியே தண்ணீர் வாங்கலாம், கடன் பத்திரம் வெளியிடலாம், பக்கத்து நகரத்தோடு ஒப்பந்தம் போடலாம். அதாவது, கையெழுத்துப் போட ஓர் ஆள் கிடைப்பார்.

எதிர்ப்பு வெளியிலிருந்து வரவில்லை, பக்கத்து வீட்டிலிருந்தே வந்தது. போர் நன்றாக ஓடுபவர்களுக்கு இது தேவையில்லை. வட்டம் அமைந்தால் வரி போடும், குழாய் போட நிலத்தைக் கையகப்படுத்தும் அதிகாரமும் அதற்கு வரும் என்று பயந்தார்கள். அரசாங்கம் வேண்டாம் என்றுதானே இங்கே வந்தோம், இப்போது நாமே ஒன்றை உருவாக்குவதா என்ற கேள்வி. இதைப் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. அமைப்பு இல்லாத வாழ்க்கையை விலை கொடுத்து வாங்கியவர்கள் அவர்கள். ஆனால் அதே வாழ்க்கையை வாங்கிய பக்கத்து வீட்டுக்காரருக்குத் தொட்டியில் தண்ணீர் இல்லை.

2022 ஆகஸ்டில் கவுன்ட்டி மேற்பார்வைக் குழு மனுவை ஒருமனதாக நிராகரித்தது. அதற்குப் பதிலாக எப்கோர் என்ற தனியார் தண்ணீர் நிறுவனத்தைக் கொண்டுவரலாம் என்ற யோசனை முன்னே வந்தது. கனடாவின் எட்மன்டன் நகருக்குச் சொந்தமான நிறுவனம், அரிசோனாவில் ஏற்கெனவே பல இடங்களில் தண்ணீர் விற்கிறது. எப்கோரும் மறுக்கவில்லை. ஆனால் மாநில ஒழுங்குமுறை ஆணையத்தின் அனுமதி வேண்டும், நிரப்பு நிலையம் கட்ட வேண்டும், இரண்டு மூன்று ஆண்டு ஆகும் என்றது. கெடுவுக்கு இருந்தது நான்கு மாதம்.

இந்த முழு நிகழ்விலும் மிக விலை உயர்ந்த முடிவு இதுதான் என்பது என் கருத்து. எப்கோர் வழி தவறானதல்ல. நடுவில் உள்ள இரண்டு மூன்று ஆண்டுக்கு என்ன செய்வது என்ற கேள்விக்குப் பதில் இல்லாமலேயே இருந்த ஒரே மாற்றையும் தள்ளிவிட்டார்கள்.

2023 ஜனவரி: லாரி நின்ற பிறகு

ஜனவரி 1 முதல் ஸ்காட்ஸ்டேல் நிலையத்தில் ஃபுட்ஹில்ஸ் லாரிகள் நிரப்ப முடியவில்லை. லாரிக்காரர்கள் தொலைவில் உள்ள ஊர்களுக்கு ஓடினார்கள். முன்பு ஒரு நாளில் பல நடை அடித்தவர்களால் இப்போது ஓரிரண்டு நடைதான் முடிந்தது. டீசல், நேரம் எல்லாம் சேர்ந்து தண்ணீர் விலை சில வீடுகளுக்கு மும்மடங்கானது.

வீடுகளுக்குள் நடந்தவை தண்ணீர்ப் பஞ்சம் கண்ட எவருக்கும் தெரிந்தவைதான். தட்டு கழுவாமலிருக்கக் காகிதத் தட்டு. துணி துவைக்க ஊருக்குள் இருக்கும் நண்பர் வீடு. குளிக்க உடற்பயிற்சிக் கூடம். அந்தக் குளிர்காலத்தில் பெய்த மழையை வாளிகளில் பிடித்துக் கழிவறைக்கு ஊற்றினார்கள். வீட்டை விற்றுவிட்டுப் போகலாம் என்றாலோ, தண்ணீர் இல்லாத வீட்டை யார் வாங்குவார்? சிலரின் வாழ்நாள் சேமிப்பே அந்த வீடு.

அதே மாதத்தில் குடியிருப்பாளர்கள் நீதிமன்றம் போனார்கள். எல்லைக்கு வெளியே கொடுத்து வந்த தண்ணீரை நகராட்சி இப்படி நிறுத்த மாநிலச் சட்டம் இடம் தரவில்லை என்பது வாதம். ஜனவரி 20 அன்று நீதிபதி தடையாணை தர மறுத்தார். நகராட்சி அந்தச் சட்டத்தை மீறியதாகக் காட்டப்படவில்லை, தண்ணீரைக் கொடுப்பதா நிறுத்துவதா என்பது தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் எடுக்க வேண்டிய முடிவு என்ற நிலையை அவர் எடுத்தார். சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் முடிவெடுக்கும் அந்தத் 'தேர்ந்தெடுக்கப்பட்டவர்களை' ஃபுட்ஹில்ஸ் மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை என்பதை மேலே பார்த்தோம்.

பிப்ரவரி முதல் ஜூன் வரை: யார் வாங்குவது?

பிப்ரவரியில் ஸ்காட்ஸ்டேல் கவுன்சில் ஒரு படி இறங்கி வந்தது. வெளியிலிருந்து தண்ணீர் வாங்கிச் சுத்திகரித்து, கவுன்ட்டியின் பெயரில் தற்காலிகமாகத் தரலாம் என்று ஒரு திட்டத்தை நிறைவேற்றியது. தன் மக்களின் தண்ணீரில் ஒரு சொட்டும் போகாது என்பது அதன் நிபந்தனை. ஆனால் கவுன்ட்டி கையெழுத்துப் போடவில்லை. தண்ணீர் விநியோகம் தன் வேலையல்ல என்பது அதன் நிலை.

இப்போது கணக்கைப் பாருங்கள். சுத்திகரிக்க ஆலை இருக்கிறது. விற்பவர் கிடைப்பார். லாரி இருக்கிறது, தொட்டி இருக்கிறது, காசு கொடுக்க வீட்டுக்காரர் தயார். ஒப்பந்தத்தின் மறுபக்கத்தில் கையெழுத்துப் போட மட்டும் யாரும் இல்லை. ஆகஸ்டில் நிராகரித்த அந்த வட்டம் இருந்திருந்தால் இந்த இடத்தில் அதுதான் போட்டிருக்கும்.

விஷயம் மாநிலச் சட்டமன்றத்துக்குப் போனது. மே மாதம் ஒரு மசோதாவை ஆளுநர் வீட்டோ செய்தார். ஜூன் 19 அன்று வேறொன்றில் கையெழுத்திட்டார். அந்தச் சட்டம் செய்தது நமக்குப் பழக்கமான வேலைதான்: ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸுக்கென்று தற்காலிகமாக ஒரு நிரப்பு நிலைய வட்டத்தை உருவாக்கியது. எந்த அமைப்பு வேண்டாம் என்று 2022இல் சொன்னார்களோ, ஏறக்குறைய அதே போன்ற ஒன்றை, அதிகாரங்களைக் குறைத்து, ஆயுளையும் 2025 இறுதி வரை என்று வரையறுத்து, மாநிலமே வைத்துக் கொடுத்தது. பத்து மாதம் போயிருந்தது.

இதற்கு நடுவில், ஜூன் 1ஆம் தேதி ஃபீனிக்ஸ் பகுதியின் நிலத்தடி நீர் பற்றிய புதிய கணிப்பு வெளியானது. அடுத்த 100 ஆண்டில் தேவையில் 4 சதவீதத்துக்கு நீர் இருக்காது என்றது அது. நிலத்தடி நீரை மட்டும் நம்பும் புதிய மனைப்பிரிவுகளுக்கு இனி சான்று கிடையாது என்று மாநிலம் அறிவித்தது. பெரிய நிறுவனங்களுக்கு இதனால் கதவு மூடியது. ஐந்து மனை போடுபவருக்கு எதுவும் மூடவில்லை. அவர் எப்போதும் அந்தக் கதவு வழியாக வந்ததே இல்லை.

விளைவு

நகராட்சி, புதிய வட்டம், எப்கோர் மூன்றும் சேர்ந்து ஏற்பாடுகளை முடித்து, 2023 அக்டோபரில் ஸ்காட்ஸ்டேலில் லாரிகள் மறுபடி நிரப்பத் தொடங்கின. எப்கோர் நிரந்தர நிலையம் கட்டும்வரை இந்த ஏற்பாடு என்பது அப்போதைய திட்டம். செலவு நுகர்வோர் தலையில்தான். பழைய விலை இனி வராது என்பதை அப்போதே எல்லாரும் புரிந்துகொண்டார்கள்.

உறவுகளும் பழையபடி இல்லை. போர் வீட்டுக்காரருக்கும் லாரி வீட்டுக்காரருக்கும் நடுவில் விழுந்த கோடு ஒப்பந்தம் வந்ததால் அழியவில்லை. ஊர்க் கூட்டங்களில் கத்திக்கொண்டவர்கள் அதே மண் சாலையில் எதிரெதிரே வண்டி ஓட்டுகிறார்கள்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

ஐந்து மனை விதியைத் திருத்த வேண்டும் என்பது எல்லாரும் சொல்வது. சரிதான், ஆனால் சொத்துரிமை பெரிதாகப் பேசப்படும் மாநிலத்தில் அது எளிதில் நடக்காது. அது நடக்கும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடியவை இருக்கின்றன.

முதலில் வரிசை. எச்சரிக்கை வந்ததும் குடியிருப்பாளர்கள் நிரந்தரத் தீர்வைப் பற்றிச் சண்டை போட்டார்கள். இடைக்காலத்துக்கு யார் பெயரில் ஒப்பந்தம் என்பதை முதலில் முடித்திருக்க வேண்டும். லாரி வீடுகளை மட்டும் சேர்த்து, போர் வீடுகளை எல்லைக்கு வெளியே விட்டு, நிலம் எடுக்கும் அதிகாரம் இல்லாமல் ஒரு சிறு வட்டம் போதுமாயிருந்தது. எதிர்ப்பின் பெரும்பகுதி அந்த அதிகாரத்தின் மீதுதான் இருந்தது. கடைசியில் சட்டமன்றம் செய்ததும் கிட்டத்தட்ட இதைத்தான்.

அடுத்தது கவுன்ட்டி. தண்ணீர் என் வேலை இல்லை என்று சொல்லலாம், ஆனால் வீடு கட்ட அனுமதி கொடுத்தது அதே கவுன்ட்டி. அனுமதிக் கோப்பில் 'போரா, லாரியா' என்று ஒரு வரி சேர்த்து எண்ணிக்கொண்டு வந்திருந்தாலே 500, 700 என்று தடுமாற வேண்டியிருந்திருக்காது. ஸ்காட்ஸ்டேலின் பயமும் பாதி குறைந்திருக்கும். எண்ணிக்கை தெரியாத கூட்டத்தைப் பார்த்துத்தான் அது பயந்தது.

நகராட்சியும் கெடு கொடுப்பதற்கு முன் லாரிக்காரரோடு எழுத்தில் ஓர் ஒப்பந்தம் வைத்திருக்கலாம்: இத்தனை வீடுகள் வரை, இவ்வளவு தண்ணீர், அதற்கு மேல் புதிய வீட்டுக்குக் கிடையாது. அப்போது புது வீடு வாங்க வருபவருக்குத் தரகர் சொல்லாவிட்டாலும் லாரிக்காரர் சொல்லியிருப்பார்.

கடைசியாக, வாங்குபவர். நகராட்சி இல்லாத பகுதியில் ஐந்து மனையாகவோ அதற்குக் குறைவாகவோ பிரித்த நிலத்தை விற்பவர், பாதை, தண்ணீர், கழிவுநீர் பற்றி உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும் என்று அரிசோனா சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. ஆனாலும் லாரி நிற்கக்கூடும் என்பதே தங்களுக்குத் தெரியாது என்று பல குடியிருப்பாளர்கள் சொன்னார்கள். வீடு வாங்கும் நாளில் கையெழுத்துப் போடும் கட்டுக் காகிதங்களில் அதுவும் ஒன்றாகப் போய்விடுகிறது. தண்ணீர் 'லாரி மூலம்' என்று எழுதினால் போதாது. லாரி எந்த ஊரில் நிரப்புகிறது, அந்த ஊரோடு எழுத்தில் ஒப்பந்தம் உண்டா, உண்டென்றால் அது எந்தத் தேதியில் முடிகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்தப் பத்திரத்தின் முதல் பக்கத்தில் இடம் வேண்டும்.